மண் அறிந்த வைரம்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈசுவரர் திருக்கோயிலுக்குச் செல்வோரிடம், கருவறைக்கு முன்னே நிற்கும் இரண்டு தூண்களைச் சுட்டி, "இவை வெள்ளெருக்கந் தூண்கள்" என்று சொல்வது ஊர் வழக்கம். புழல் கோட்டையில் இருந்த குறும்பர்களை வென்ற தொண்டைமான், அக்கோட்டையிலிருந்து இத்தூண்களைக் கொண்டுவந்து இறைவனுக்கு அளித்தான் என்பது தலபுராணச் செய்தி. யானையின் காலைச் சுற்றிய முல்லைக் கொடியை அவன் வாளால் வெட்டியதும், அடியில் இருந்த இலிங்கம் வெளிப்பட்டதும் அக்கதையின் முற்பகுதி.

எருக்கு ஆளுயரச் செடி. அதில் தூண் எப்படி வந்தது என்று இளமையில் நான் கேட்டதுண்டு. "அந்தக் காலத்து மண் அப்படி" என்பதே பெரியவர்கள் தந்த விடை. புராணத்தைப் புராணமாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த விடையில் ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருப்பதைப் பின்னாளில் உணர்ந்தேன். மரத்தின் பெருமை மரத்தில் மட்டும் இல்லை; அது நின்ற மண்ணிலும் இருக்கிறது என்பதே அந்நம்பிக்கை. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை தருக என அன்பர்கள் பணித்தபோது, இந்த நம்பிக்கை எவ்வளவு உண்மை என்பதை வரலாற்றின் வழியே ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றியது. கவிஞர்கள் கூடும் அவையில் மரக்கட்டையைப் பற்றிப் பேசுவதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். காரணம் கட்டுரையின் போக்கில் விளங்கும்.

காழும் வெளிறும்

மரம் எது, புல் எது என்பதைத் தொல்காப்பிய மரபியல் பிரித்துக் காட்டுகிறது. உள்ளே வன்மை உடையது மரம். புறத்தே வன்மை உடையது புல். தென்னையும் பனையும் மூங்கிலும் இவ்வகையால் புல்லாயின. தேக்கும் வேம்பும் மரமாயின. அகக்காழ், புறக்காழ் என்னும் அச்சொற்களுக்கு இணையாக இன்றைய மர அறிவியலாரும் வேறு பாகுபாட்டைக் கண்டுவிடவில்லை எனலாம். வளரும் மரத்தில் வெளிப்புறக் கட்டை வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றும் பகுதி. அது வெளிறியது, பூச்சிக்கு எளிதில் இரையாவது. ஆண்டுகள் செல்லச் செல்ல உட்பகுதி நீர் ஏற்றும் தொழிலை விட்டுவிடுகிறது. அங்குள்ள உயிரணுக்கள் இறக்கின்றன. இறக்குமுன் எண்ணெயும் பிசினும் நிறப்பொருளும் அங்கே படிகின்றன. அந்த உட்கட்டையையே தச்சர் 'வைரம்' என்கின்றனர். வைரமில்லாத வெளுத்த கட்டை 'வெளிறு'. அறியாமையைக் குறிக்க வள்ளுவர் எடுத்தாளும் சொல்லும் அதுவே.

தொல்காப்பியர் செய்த மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றவர், மரத்தைக் கருப்பொருள் வரிசையில் வைத்தார். நிலம் முதல், மரம் அதனின்று கருக்கொள்வது. இந்த வரிசை வெறும் இலக்கண வசதியாகச் செய்யப்பட்டதன்று. நெடுங்காலம் நிலத்தைப் பார்த்தவர்களின் கணிப்பு அது.

காடு இருந்த ஊர்கள்

நாம் வாழும் பகுதியையே எடுத்துக்கொள்வோம். திருவேற்காடு, திருவாலங்காடு, மாங்காடு, முல்லைவாயில், ஆலப்பாக்கம் என ஊர்ப்பெயர் எல்லாம் மரமும் கொடியும். திருவேற்காட்டின் தலமரம் வெள்வேல். இன்று அடுக்ககங்களும் பட்டறைகளும் நெருங்கி நிற்கும் இவ்வூர்கள் ஒரு காலத்தில் எத்தகைய காட்டின் நடுவே இருந்தன என்பதற்குப் பெயர்களே சான்று.

ஆனால் அந்தக் காடு மலைக்காடு அன்று. சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காடு. ஆண்டில் பெரும்பகுதி வறட்சி. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழை. செங்குன்றத்துப் பக்கம் சரளை கலந்த செம்மண். கொசத்தலையாறும் கூவமும் படிய வைத்த வண்டல். ஏரி உள்வாய்களில் காலை இழுக்கும் களிமண். இம்மண்ணில் பாலை, காயா, வீரை, நாவல், வேம்பு, இலுப்பை, வேல் ஆகியவை வளர்ந்தன. இவற்றுள் பல குட்டையானவை, கோணலானவை, ஆனால் மிகக் கடினமானவை. பாலை மரத்தின் கட்டை செக்குக்கும் உலக்கைக்கும் உதவியது. வேலமரம் ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உதவியது. இலுப்பை தேருக்கும் வேம்பு கதவுக்கும் பயன்பட்டன. நீண்ட உத்திரமும் அகன்ற பலகையும் மட்டும் இம்மண் தரவில்லை. கூரைக்குப் பனங்கையே கதி. பனை தொல்காப்பியர் கணக்கில் மரமே அன்று என்பதை நினைத்தால் நகைப்பு வரும்.

ஆக, வடதமிழகத்துக் கரையோரத்தார்க்கு நெடுமரம் எப்போதும் வெளியூர்ச் சரக்கு. மேற்கே மலைநாட்டிலிருந்தும் பின்னர் கடல் கடந்தும் அது வந்தது. அந்த வரவின் கதையே மண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள உறவை ஆட்சியாளர் பாடம் படித்த கதை.

இருப்புப் பாதை கேட்ட மரம்

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவுள்ள அப்பாதை நம் அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியே சென்றது. நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டித்தடம் அதுதான். ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை குறுக்குக்கட்டைகள் வேண்டும். 1850களிலேயே சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இதற்காக வெட்டப்பட்டன என்று கணக்கிட்டுள்ளனர்.

அதே 1856இல் இசுக்காட்லாந்து மருத்துவரான ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். பாதை திறந்த ஆண்டிலேயே காட்டுக்குக் காவலர் தேவைப்பட்டது தற்செயல் அன்று. எந்த மரத்தையும் வெட்டிப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் விரைவில் பொய்த்தது. வெளிறு மிகுந்த கட்டைகள் நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகளில் உளுத்தன; கறையான் அரித்தது. வைரம் உள்ள கட்டை வேண்டும். அது எங்கே, எவ்வகை நிலத்தில் விளைகிறது என்ற கேள்வி அப்போதுதான் அரசாங்கத்தின் கேள்வியாயிற்று. 1882இல் வந்த சென்னை வனச்சட்டம் அக்கேள்விக்கு அரசு கண்ட விடைகளுள் ஒன்று. காடுகள் ஒதுக்கப்பட்டன, மண்ணை அறிந்திருந்த மலைமக்கள் அக்காடுகளில் அயலார் ஆயினர். மரத்தின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை மறைத்து எழுதுவது முறையன்று.

நிலம்பூர் கற்பித்த பாடம்

இதற்கும் முன்பே மலபாரில் ஒரு சோதனை தொடங்கியிருந்தது. மலபார்த் தேக்கின் புகழ் கடற்படை வரை எட்டியிருந்தது. 1817இல் பம்பாயில் கட்டி மிதக்கவிடப்பட்ட 'டிரிங்கமலி' என்னும் போர்க்கப்பல் மலபார்த் தேக்கால் ஆனது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் அது மிதந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு புகழ் பெற்ற மரம் வெட்டி வெட்டியே அருகியது. 1840களில் மலபார் ஆட்சியராக இருந்த கனோலி, நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க முனைந்தார். விதைகள் முதலில் முளைக்க மறுத்தன. முயற்சி பலமுறை தோற்றது. அவருக்குத் துணையாக இருந்த சாத்து மேனோன் பொறுமையோடு நாற்று எழுப்பி நட்டு, அப்பணியை வெற்றியாக்கினார். உலகின் பழமையான தேக்குத் தோட்டங்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படும் அவ்விடத்தில் அக்காலத்து மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. 1995இல் நிலம்பூரில் தேக்கு அருங்காட்சியகமும் அமைந்தது.

நம் பொருளுக்கு வேண்டிய செய்தி அத்தோட்டத்தின் வெற்றியிலும் தோல்வியிலும் உள்ளது. சாலியாற்றின் கரையில் ஆழமான வண்டல் மண்ணில் நட்ட தேக்கு நெட்டையாக, நேராக எழுந்தது. அதே நிலம்பூரில், அதே மழையில், சற்றே மேட்டில் செம்பூரான் கல் மேலெழுந்த தரையில் நட்ட தேக்கு குட்டையாகி, கணுக்கணுவாகக் கிளைத்து நின்றது. விதை ஒன்று, மழை ஒன்று, நட்ட கை ஒன்று. மண் மட்டும் வேறு.

பின்வந்த ஆய்வாளர் இதன் காரணத்தை விளக்கினர். தேக்கு நீரை விரும்பும். ஆனால் தேங்கிய நீரைப் பொறுக்காது. வேருக்கு மூச்சு வேண்டும். ஆழமும் வடிகாலும் உள்ள மண், சுண்ணாம்புச் சத்து நிறைந்த மண், புளிப்பு மிகாத மண் அதற்கு உகந்தது. ஆண்டில் சில திங்கள் தெளிவான வறட்சியும் வேண்டும். இலையுதிர்த்து ஓய்ந்து, மீண்டும் தளிர்க்கும்போதுதான் ஆண்டு வளையம் அதற்குத் துலக்கமாக அமைகிறது. மழைக் காலம் நீண்ட ஈரநிலத்தில் வளர்ந்த தேக்கு அகன்ற வளையங்களோடு விரைந்து பருக்கும். அதன் நிறம் வெளிறியும் வைரத்தில் படியும் எண்ணெய்ப் பொருள் குறைந்தும் இருப்பது உண்டு. தெலங்கானாவின் ஆதிலாபாத் போன்ற வறள்நிலத்துத் தேக்கு சிறுத்திருக்கும்; ஆனால் நிறமும் வரியழகும் அதற்கு மிகுதி. ஆகவேதான் பழைய வணிகர் கப்பலுக்கும் உத்திரத்துக்கும் மலபாரையும், அழகு வேலைக்கு நடு இந்தியத் தேக்கையும் நாடினர். 'தேக்கு' என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது, மண்ணுக்கு மண் வேறுபடும் பல பொருள்களை.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்ப் பக்கத்தில் ஆனைமலையும் இக்கதையில் இடம்பெறும். மேட்டிலிருந்து மரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே இன்று டாப்சிலிப் என்று வழங்குகிறது. வெட்டி மொட்டையாகிய அச்சரிவுகளில் மீண்டும் தேக்கை எழுப்ப உழைத்த வன அலுவலர் ஹியூகோ வுட் அங்கேயே புதைக்கப்பட்டார். அவர் நட்ட தேக்குகளின் நடுவே அவர் கல்லறை உள்ளது.

கடல் கடந்து வந்த தேக்கு

1826இல் தெனாசரிம் பகுதி ஆங்கிலேயர் வசமானதும் மோல்மேன் துறையிலிருந்து மரம் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டது. 1885இல் மேல் பர்மா மீது போர் தொடுத்தபோது முன்வைத்த காரணங்களுள், தேக்கு வணிகக் குழுமம் ஒன்றின் மீது பர்மிய அரசு விதித்த தண்டமும் ஒன்று. ஒரு மரத்துக்காக ஓர் அரசு வீழ்ந்தது என்று கூறினால் மிகையாகலாம். அம்மரம் இல்லாமல் அக்கதையைச் சொல்ல இயலாது என்பதில் மிகையில்லை. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் செட்டிநாட்டு மாளிகைகளின் தூணிலும் நிலையிலும் அத்தேக்கை நிறுத்தினர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பர்மாக் கட்டைகள் நகரத்து வீடுகளில் உத்திரமாயின.

அன்று முதல் 'பர்மாத் தேக்கு' என்பது நம் மக்கள் வாயில் ஒரு தரச்சான்று. மகள் திருமணத்துக்குக் கட்டில் செய்பவரும் வீட்டுக்கு நிலைவாசல் வைப்பவரும் "பர்மாவா?" என்றே கேட்டனர். 2014 ஏப்ரலில் மியன்மார் அரசு உருட்டுக் கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று மரவாடிகளில் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டப் பயிராக வளர்ந்த தேக்கு குவிந்துகிடக்கிறது. கானா, நைசீரியா, ஈக்குவடார் என்று நாட்டின் பெயராலேயே அதற்கு விலை சொல்கின்றனர். மரத்தை அதன் மண்ணின் பெயரால் அழைக்கும் பழைய வழக்கம், வரைபடம் மாறிய பின்னும் மாறவில்லை.

கல்லில் விளையும் செம்மை

தேக்கைப் போல் தொலைவிலிருந்து வராமல், நம் வாசலுக்கு அருகிலேயே விளையும் மரம் ஒன்று உண்டு. அது செம்மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராமல், கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சேசாசலம், வெலிகொண்டா, பால்கொண்டா மலைகளிலும் அவற்றை ஒட்டிய தமிழக எல்லைப்புறங்களிலும் மட்டுமே வளர்வது. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு எல்லைக்கு அப்பால் தெரியும் நகரி மலைகள் அந்நிலத்தின் முகப்பு.

அம்மண் எத்தகையது? மண் என்று சொல்லுமளவுக்கு அங்கே மண் இல்லை. படிகக்கல் பாறையும் பலகைக் கல்லும் வெடித்த இடுக்குகளில் சிறிதளவு சரளை. அதில் வேரை நுழைத்துக் கடும் வெயிலில் செம்மரம் மெல்ல வளர்கிறது. பல பத்தாண்டுகளில் அதன் நெஞ்சில் உறையும் செவ்வைரம் நீரில் மூழ்கும் எடையுடையது. அதன் சாயத்தை நாடி மேலைநாட்டுக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்தன. அலையலையாக வரியோடிய கட்டைகளைச் சப்பானியர் 'சாமிசென்' என்னும் நரம்பிசைக் கருவியின் தண்டுக்குப் போற்றி வாங்கினர். இதே மரத்தை ஆழ்ந்த வண்டலில் நீர் பாய்ச்சி வளர்த்தால் விரைந்து பருக்கும். ஆனால் பெரும்பகுதி வெளிறாகவே நின்று, வைரம் பிந்தியே உருவாகும்.

அந்தச் செவ்வைரத்தின் விலைக்கு நம் மக்கள் கொடுத்த விலையும் பெரிது. 1995 முதல் செம்மர வணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. எனினும் கள்ளச் சந்தை ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படையினர் சுட்டதில் மரம் வெட்டச் சென்ற 20 பேர் மாண்டனர். அனைவரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர். சவ்வாது மலையிலும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் மழை பொய்த்த மண்ணில் பிழைப்பில்லாமல் கூலிக்குப் போனவர்கள் அவர்களுள் பலர். ஒரு மண் செம்மரத்தைத் தந்தது. மற்றொரு மண் சோறு தரவில்லை. இரண்டுக்கும் இடையே அவர்கள் வீழ்ந்தனர்.

பத்திரத்தில் வளர்ந்த தேக்கு

என் வாழ்க்கையிலும் இப்பொருள் ஒருமுறை குறுக்கிட்டது. 1990களின் முற்பகுதியில் நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை ஒன்றில் கணக்கெழுதி வந்தேன். அப்போது நாளிதழ்கள் தோறும் தேக்குத் திட்டங்களின் விளம்பரம். சில ஆயிரம் செலுத்தினால் உங்கள் பெயரில் மரங்கள். இருபது ஆண்டில் அவை இலட்சங்களாகும் என்றனர். பட்டறையில் பாதிப் பேர் சேர்ந்தனர். என் இளைய மகள் பிறந்த ஆண்டு அது. நானும் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஐந்தாயிரம் ரூபாய் செலுத்தி, வழவழப்பான தாளில் அச்சிட்ட பத்திரம் பெற்றேன்.

திருமுல்லைவாயிலில் முதிய தச்சர் ஒருவர் இருந்தார். கோயில் தேர் வேலை பார்த்த கை. பத்திரத்தைப் பெருமையோடு காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதுல மரத்தோட படம் இருக்கு. மண்ணோட படம் எங்க?" என்றார்.

"நல்ல நிலம்தானாம் ஐயா. சொட்டு நீர்ப் பாசனமாம்."

"தண்ணி காட்டினா மரம் வளரும். வைரம் வளருமா? ஒருதரம் நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர் சொல்லுக்காகவே போனேன். ஏரிக்கரைக்குக் கீழே, நெல் விளைந்த களிமண் தாழ்நிலம். ஐப்பசி மழை நீர் வடியாமல் நின்றது. கன்றுகள் மஞ்சளித்துத் துவண்டிருந்தன. காவலாளி மட்டும் இருந்தார். மண்ணை ஒரு பிடி எடுத்தேன். கையில் பிசின்போல் ஒட்டியது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன். தச்சர் அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சில ஆண்டுகளில் அந்த நிறுவனத்தின் அலுவலகக் கதவு பூட்டப்பட்டது. அதுபோன்றவை நாடெங்கும் வீழ்ந்த பின்னர், 1999இல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு நெறிமுறை வகுத்தது. சங்கிலி மீளவில்லை. மோசடியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நான் நினைப்பது மற்றொன்று. இலட்சக்கணக்கான படித்த மக்கள், ஒரு மரம் எந்த மண்ணில் நிற்கிறது என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்காமலே அதன் வைரத்துக்கு விலை கொடுத்தோம். கணக்கெழுதும் எனக்குக் கூட்டு வட்டி தெரிந்திருந்தது. நூறாண்டுக்கு முன் நிலம்பூரில் கற்ற பாடம் தெரிந்திருக்கவில்லை. அக்கேள்வியைக் கேட்டவர் பள்ளியைத் தாண்டாத தச்சர்.

கவிஞர்களோடு ஒரு சிறு வழக்கு

நம் வட்டத்துக் கவியரங்குகளில் அடிக்கடி ஒலிக்கும் கருத்து ஒன்று உண்டு. வறுமையில் வளர்ந்த மரமே வைரம் பாயும். துன்பமே மனிதனை உரமாக்கும் என்பது. கைதட்டல் பெறும் கருத்து. நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் மேலே கண்ட வரலாறு அதைப் பாதி அளவுக்கே ஒப்புகிறது.

செம்மரத்துக்குக் கல்நிலம் உகந்தது உண்மை. சந்தனமும் சரளை நிலத்தில் மெல்ல வளரும்போது மணம் மிகும் என்பர். ஆனால் தேக்கைச் செம்பூரான் பாறையில் நட்டால் அது உரம் பெறவில்லை, குறுகிப் போயிற்று. களிமண்ணில் நட்ட தேக்கு துன்பப்பட்டது; வைரம் பாயவில்லை, வேர் அழுகிற்று. செழிப்பும் ஒன்றே அளவாக நன்மை செய்வதில்லை. செம்மரத்துக்கு அது வெளிறாக முடிகிறது. துன்பம் வேறு, தன் இயல்புக்கு ஏற்ற நிலம் வேறு. செம்மரத்துக்கு அந்தக் கல்நிலம் வறுமையன்று. அதுவே அதன் வீடு. பிழைப்பற்ற மண்ணில் பிறந்தோர் அதனால் உரம் பெற்றனர் என்று பாடுமுன், சேசாசலத்தில் மாண்ட அந்த 20 பேரை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். தொல்காப்பியரும் பாலைக்கு உரிய மரத்தை மருதத்தில் நடவில்லை.

இசைக்கு வந்த மரம்

இக்கருத்துக்கு இசைக்கருவி செய்வோர் நல்ல சாட்சிகள். தஞ்சை வீணை பலாமரத்தால் ஆவது. அதற்குப் பண்ணுருட்டிச் செம்மண்ணில் முதிர்ந்த பலாவையே விரும்பித் தேடுகின்றனர். நரசிங்கம்பேட்டை நாகசுரம் ஆச்சா மரத்தால் ஆவது. வறண்ட பாறைச் சரிவுகளில் ஆணிவேரை நெடுந்தொலைவு இறக்கி நிற்கும் ஆச்சா, நம் நாட்டு மரங்களில் மிக எடையுள்ளவற்றுள் ஒன்று. ஆனால் புதிதாக வெட்டிய ஆச்சாவைக் கைவினைஞர் எடுப்பதில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்திரமும் தூணுமாக இருந்து, பல பத்தாண்டுகள் உலர்ந்த கட்டையையே நாடுகின்றனர். மண் ஒரு பாதியைத் தந்தது. காலம் மறு பாதியைத் தந்தது.

நம் பகுதியிலும் பழைய வீடுகள் இடிபடுகின்றன. பூவிருந்தவல்லியிலும் அம்பத்தூரிலும் ஓட்டு வீடுகள் விழுந்து அடுக்ககங்கள் எழுகின்றன. இடிக்கும் குத்தகைக்காரர் செங்கல்லுக்கு முன் நிலைக்கதவைத்தான் தட்டிப் பார்க்கிறார். பர்மாக் காட்டில் ஒரு சரிவில் நூறாண்டு நின்ற மரம், இங்கே நூறாண்டு வாசலாக நின்று, மூன்றாவது வாழ்வுக்குப் புறப்படுகிறது.

நிறைவாக

அந்தத் தச்சர் இன்று இல்லை. அவர் பிள்ளைகள் கட்டுமானத் தொழிலுக்குப் போய்விட்டனர். அவர் கடைசியாக எனக்குச் செய்து தந்தது ஒரு சிறு சாய்மேசை. அதன்மேல் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். பலகை வேம்பு, கால்கள் வேல். "ரெண்டும் நம்ம ஊரு மண்ணுதான் தம்பி. தேக்கு வேணும்னு கேக்காதீங்க" என்று சொல்லித் தந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று, கறையான் தொடவில்லை.

நம் வட்டத்துக்கு அகவை பத்து. நல்ல மண்ணில் நின்ற தேக்குக்கும் அந்த அகவையில் நடுவே வைரம் சிறிதளவே. வெளியே பார்ப்பவருக்குத் தெரியாது. இன்னும் பெரும்பகுதி வெளிறே. ஆகவே மலர் வெளியிட்ட மகிழ்ச்சியில் நாம் வைரம் பாய்ந்துவிட்டோம் என்று எண்ணிக்கொள்ளலாகாது. நாம் நிற்பது எந்த மண் என்பதை மட்டும் மறவாதிருப்போம். ஆலை வாயில்களும் ஏரிக்கரைகளும் வேற்காடும் முல்லைவாயிலும் சேர்ந்தது அம்மண். அதில் எது விளையுமோ அதையே நாம் எழுதுவோம். எஞ்சியதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.